பிரேவேல் வந்து சேர்ந்த நேரம்

எழுபதுகளில் முத்தியால்பேட்டையில் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் காகிதப் பை ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு வந்த காகிதத்தைப் படித்துப் பார்த்தவர் செல்வாம்பாள் ஒருவர்தான். படித்தார் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் மூன்று வருஷம் பள்ளிக்குப் போய் ‘ஆ, பே, சே’ என்று எழுத்துகளைக் கற்றிருந்தார். எழுத்துக் கூட்டுவார். கூட்டி வரும் சொல்லுக்குப் பொருள் தெரியாது.

அவருடைய அப்பா ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். கல்யாணம் ஆகும்வரை செல்வாம்பாளும் அங்கே தாள் மடித்து, தைத்து, அட்டை ஒட்டினார். கணவர் ராஜாங்கத்துக்கு மில்லில் தறி வேலை. ஒரே மகள் ஜெயம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பகல் நேரம் கையில் மிஞ்சியது. கைக்குத் தெரிந்த வேலை காகித வேலைதான். 1974இல் பை ஒட்ட உட்கார்ந்தார்.

அந்த வருஷம்தான் முதலியார்பேட்டை சொல்தா கிருஷ்ணசாமி வீட்டைக் காலி செய்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களைச் சொல்தா என்பது ஊர் வழக்கு. மகன் பிரான்சில் இருந்தான். அவரும் மனைவி ஆதிலட்சுமியும் அங்கேயே போய்விடுவதென்று முடிவு. வீட்டில் ஓர் அறை முழுக்கப் பழைய பத்திரிகை. விளையாட்டுக்கென்றே பிரான்சில் அச்சாகும் பத்திரிகை அது. கப்பலில் கட்டுக்கட்டாக வந்து, படித்து முடித்தபின் தேதிவாரியாகச் சணல் போட்டுக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. ராஜாங்கம் மில் விட்டு வரும்போது அந்த வழியாகத்தான் வருவார். ஒரு தள்ளுவண்டி பிடித்து அத்தனை கட்டையும் கொண்டுவந்து மனைவி முன்னால் இறக்கினார்.

செல்வாம்பாள் பிரித்த முதல் கட்டில் மேலாக இருந்த பத்திரிகையைத் தாள் தாளாக நீளவாக்கில் நான்காக வெட்டினார். அதற்கு அடுத்து வேறொரு கட்டிலிருந்து கொஞ்சம். இருநூறு பை தேறியது. மைதாவைக் காய்ச்சி, அப்பாவின் பட்டறையில் செய்ததுபோலவே பசையில் மயில்துத்தம் பொடித்துப் போட்டிருந்தார். புத்தக அட்டைக்குத் துத்தம் போடாவிட்டால் கரப்பான் தின்றுவிடும். மளிகைப் பைக்கு அந்த விஷம் கூடாது என்ற யோசனையே அவருக்கு வரவில்லை. கை தன் பழக்கத்துக்குச் செய்துவிட்டது.

மளிகைக் கடை ஜானகிராமன் பையைப் பிரித்துப் பார்த்தார். ஒட்டிய ஓரம் வெளிர்நீலமாக இருந்தது. முகர்ந்தும் பார்த்தார்.

“ஏம்மா, துத்தமா போட்டிருக்க? இதுல பருப்பு கட்டிக் குடுத்தா, வாங்கினவன் முன்னாடி போவான், நான் பின்னாடி போவேன்.”

இருநூறு பையும் திரும்பி வந்தன. வெட்கமாகப் போயிற்று. சாப்பாட்டுச் சாமான் போடாத இடம் எது என்று யோசித்து, மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த தணிகாசலத்திடம் ராஜாங்கம் அவற்றைச் சும்மா கொடுத்துவிட்டு வந்தார். பேரிங் குண்டு, ஆணி, வால்வு டியூப் போட்டு வைக்க ஆகும் என்று அவர் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் துத்தம் இல்லாத பசையோடு வேலை மறுபடி தொடங்கியது. பை ஒட்டுவதில் அடி மடிப்புதான் முக்கியம். அதைக் கட்டைவிரல் நகத்தால் ஒரே இழுப்பில் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் சாமான் போட்டதும் பை வாயைப் பிளக்கும். அதே முதல் கட்டிலிருந்து எடுத்த தாளில், பக்கத்தின் உயரம் முழுக்க ஒரு பெயர்ப் பட்டியல் இருந்தது. பட்டியலின் கடைசிப் பெயர் சரியாக அடி மடிப்பில் வந்தது. நகம் அதன் மேல் போனபோது செல்வாம்பாள் சும்மா எழுத்துக் கூட்டினார். பிரேவேல். அடுத்த பத்திரிகை. அதே போன்ற பட்டியல், அதே மடிப்பு, அதே பெயர். மூன்றாவதிலும் பிரேவேல்தான் கடைசி.

மூன்றையும் மேற்கொண்டு வெட்டாமல், ஒட்டாமல் தனியே எடுத்து வைத்தார். கட்டு முழுவதையும் பிரித்துத் தரையில் பரப்பினார். எல்லாம் ஒரே ஜூலை மாதத்துப் பத்திரிகைகள். ஐம்பதுகளில் ஏதோ ஒரு வருஷம். எல்லாவற்றிலும் சைக்கிள் ஓட்டுகிற ஆட்கள். முதல் பத்திரிகையில் பிரான்சின் படம் போட்டு, ஊர்களைக் கோட்டால் இணைத்து, ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை எண் கொடுத்திருந்தது. இருபத்திரண்டாவது பாரிஸ். இருபத்திரண்டு நாள் சைக்கிளில் நாட்டையே சுற்றி வருகிற பந்தயம் என்று அவரே புரிந்துகொண்டார். அடுக்கிப் பார்த்தபோது இருபத்தொரு நாளுக்கான பத்திரிகை இருந்தது. கடைசி நாளுடையது இல்லை.

பிரேவேல் பாரிஸ் போய்ச் சேர்ந்தானா இல்லையா?

இந்தக் கேள்விதான் பத்து வருஷம் அந்த வீட்டில் இருந்தது.

ராஜாங்கத்துக்கு முதலில் இது கேலிக்குரிய விஷயமாகத்தான் இருந்தது. மில்லிலிருந்து வந்து சைக்கிளைச் சாத்தும்போதே, “என்னா, ஒன் பிரேவேலு எந்த ஊரு வரைக்கும் வந்திருக்கான்?” என்பார். வடிவேல், சக்திவேல் வரிசையில் அவனையும் சேர்த்துக்கொண்டு, தூரத்துச் சொந்தக்காரனைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்பார். ஆனால் சாப்பிட்டபின் பட்டியலைக் கையில் எடுத்துவிடுவார். முதலில் வந்தவனின் மணிக்கணக்கு, கடைசியில் வந்தவனின் மணிக்கணக்கு, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று கழித்துப் பார்ப்பது அவர் வேலையாகிவிட்டது. மலைப்பாதை நாள்களில் பிரேவேல் முக்கால் மணி நேரம் பிந்தி வந்திருந்தான்.

பட்டியலில் ஒரு சிக்கல் இருந்தது. சில நாள்களில் முதலில் வந்தவனுக்கு மட்டும் மணிக்கணக்கு போட்டு, அவனுக்குப் பின்னால் முப்பது நாற்பது பேருக்கு நேரமே போடாமல் ‘எம்.தே.’ என்று இரண்டெழுத்து மட்டும் போட்டிருந்தது. ஆங்கிலத்தில் ‘டி’ என்கிற எழுத்துக்குப் பிரெஞ்சில் ‘தே’ என்று பெயர். செல்வாம்பாள் அதைக் காட்டினார். ராஜாங்கம் யோசிக்கவே இல்லை.

“இது தெரியலயா? எம்.டி. போலீஸ் லாரியில எழுதியிருப்பான் பாரு, மோட்டார் ட்ரான்ஸ்போர்ட்டு. இவனுங்கல்லாம் மோட்டார்ல ஏறி வந்தவனுங்க.”

நம்பும்படியாகத்தான் இருந்தது. ஒரு பத்திரிகையில் படமே போட்டிருந்தது. மலைப்பாதையில் ஒருவன் தனியாக மிதித்துப் போகிறான். அவன் பின்னாலேயே ஒரு வேன் ஊர்ந்து வருகிறது. அதன் உச்சியில் இரண்டு துடைப்பம் கட்டியிருக்கிறது. முடியாதவர்களை அள்ளிப் போட்டுக்கொள்ளும் வண்டி அது என்று பிரெஞ்சு தெரிந்த ஒருவர் படத்தின் அடியிலிருந்த வரியைப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த வண்டியில் ஏறியவர்களுக்குத்தான் நேரம் போடாமல் எம்.தே. போடுகிறார்கள் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

“மோட்டார்ல வந்தவன் எப்பிடிங்க ரெண்டாவதா வருவான்?” என்று செல்வாம்பாள் ஒரு தடவை கேட்டார்.

“மோட்டார்ல வந்தா பின்னாடியா வருவான்? மொதல்ல உட்டா மானக்கேடுன்னு ரெண்டாவதா எறக்கி உட்டிருக்கானுங்க.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊரில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. படத்தின் அடியில் இருக்கும் வரி, தலைப்பு, ஊர்ப் பெயர் என்று எத்தனையோ விஷயங்களைச் செல்வாம்பாள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். எம்.தே. என்றால் என்ன என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. அதுதான் தெரியுமே.

எம்.தே.யை அப்படிப் படித்தபின் பிரேவேலின் மதிப்பு வீட்டில் உயர்ந்துவிட்டது. இருபத்தொரு பட்டியலையும் விரல் வைத்துத் தேடினார்கள். அவனுக்கு நேராக ஒரு நாள்கூட எம்.தே. இல்லை. எல்லா நாளும் தனியாக, எல்லோருக்கும் பின்னால், தன் சொந்த நேரத்தில் வந்திருந்தான். பந்தயத்தில் பேர்போனவர்களே மோட்டாரில் ஏறியிருக்க, கடைசியில் வருகிற இவன் ஏறவில்லை. கடைசி நாளும் ஏறாமல் வந்தானா என்பது தெரிய வேண்டும். செல்வாம்பாளுக்கு வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஒரு பத்திரிகையைத் தேடப் போய்த்தான் மற்றவை சேர்ந்தன. பை ஒட்டுகிற மற்ற வீடுகளில் சொல்லி வைத்தார். சைக்கிள் படம் போட்ட பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று கொடுத்தால், அதற்குப் பதில் இரண்டு மடங்கு எடைக்குச் சாதாரணக் காகிதம் கொடுப்பார். பழைய பேப்பர் கடைகளில் போய் உட்கார்ந்து கட்டுகளைப் புரட்டுவார். குஞ்சம்மாள் என்று அடுத்த தெருவில் பை ஒட்டுகிறவர், “சைக்கிளே ஓட்டத் தெரியாது, இவளுக்கு எதுக்கு இந்த வேல?” என்று ஊரெல்லாம் சொல்லுவார். சொல்லிக்கொண்டே, கிடைத்த பத்திரிகையை மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்துக் கொடுப்பார்.

வந்த பத்திரிகையைச் செல்வாம்பாள் அன்றே பெட்டியில் போட்டுவிட மாட்டார். மடிப்பை நீவி, பலகைக்கு அடியில் மூன்று நாள் வைப்பார். கிழிந்த இடத்துக்குப் பின்பக்கம் மெல்லிய தாளை ஒட்டுவார். இரண்டு பத்திரிகைக்கு நடுவில் ஒரு வெற்றுத் தாள். தேதியைப் பென்சிலில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் செருகுவார். பத்திரிகையின் மேல் எழுதமாட்டார். ஜூலையைப் பிரெஞ்சில் ‘ழுய்யே’ என்று எழுதியிருப்பதை ஊரில் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். பதினாலாம் தேதி பிரெஞ்சுத் தேசிய நாளுக்குச் சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்களே, அந்த மாதம். 1980 வாக்கில் ஒன்பது வருஷத்துப் பந்தயங்கள் இரண்டு தகரப் பெட்டியில் இருந்தன. எந்த வருஷமும் முழுசாக இல்லை. முழுமைக்கு மிக அருகில் இருந்தது பிரேவேலின் வருஷம்தான்.

நடுவில் மில் ஏழு மாதம் மூடிக் கிடந்தது. ராஜாங்கம் கிடைத்த வேலைக்குப் போனார். தேங்காய்த்திட்டில் மீன் கூடை தூக்கினார். செல்வாம்பாள் பகல் முழுக்கப் பை ஒட்டினார். காகிதம் வாங்கவே முடியாத வாரங்களும் இருந்தன. இரண்டு தகரப் பெட்டி நிறையக் காகிதம் வீட்டிலேயே இருந்தது. அதை வெட்டலாம் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் ஒரு நாள், உடம்பெல்லாம் மீன் வாடையோடு வந்த ராஜாங்கம், பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி, “அவனும் பின்னாடிதான் வந்துக்கிட்டிருந்தான்” என்றார். யாரை என்று செல்வாம்பாள் கேட்கவில்லை.

மில் திறந்தது. ஜெயத்துக்குக் கடலூரில் கல்யாணம் ஆயிற்று. 1982இல் ராஜாங்கத்தின் சைக்கிள் பெடல் கடகடவென்று சத்தம் போட, தணிகாசலத்திடம் விட்டு எடுத்து வந்தார். மாற்றியது போக மிஞ்சிய குண்டுகளைத் தணிகாசலம் ஒரு சின்னப் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். செல்வாம்பாள் அந்தப் பையைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய ஓரம் வெளிர்நீலமாக இருந்தது.

துத்தம் போட்டு ஒரே ஒரு தடவைதான் பை ஒட்டியிருக்கிறார். அது முதல் நாள். முதல் கட்டின் மேல் பத்திரிகை. சொல்தா தேதிவாரியாக அடுக்கிக் கட்டியவர். கடைசித் தேதிதான் மேலே இருக்கும். எட்டு வருஷமாக ஊரெல்லாம் தேடியதைத் தானே கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறோம் என்பது, கையில் இருந்த குண்டுகள் தரையில் உருண்டு ஓடுவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

அப்போதே மணிக்கூண்டுக்கு நடந்தார். தணிகாசலத்தின் கடையில் சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த ஒரு மரப் பீரோ உண்டு.

“அண்ணே, நான் அப்ப குடுத்த பையில எத்தன மிச்சம் இருக்குது?”

“தங்கச்சி, குடுத்ததத் திருப்பிக் கேக்கறதுக்கு எட்டு வருஷமா யோசிச்சியா?”

சிரித்துக்கொண்டே இழுப்பறைகளைத் திறந்துவிட்டார். கிரீஸ் பட்ட காகிதம் என்றால் கரப்பானுக்குக் கொண்டாட்டம். மற்ற பைகளெல்லாம் ஓட்டையாகிப் போயிருந்தன. துத்தம் போட்டவை மட்டும் பதினோரு பை அப்படியே இருந்தன. ஒவ்வொன்றையும் கொட்டிவிட்டுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டார். பதிலுக்கு, ஒவ்வோர் இழுப்பறையையும் கைச்சாணால் அளந்து, அந்தந்த அளவுக்குப் புதுப் பை ஒட்டித் தருவதாகச் சொன்னார். மறுவாரமே ஒட்டியும் கொடுத்தார், துத்தம் போட்டு.

பதினோரு பையில் நான்கு அந்தக் கடைசிப் பத்திரிகையுடையவை. சோறு கொதிக்கும் பானையின் ஆவியில் காட்டிக் காட்டி ஒட்டைப் பிரித்தார். அவசரப்படவில்லை, ஒரு பைக்கு ஒரு பகல் ஆயிற்று. நான்காவது பையில் பட்டியல் இருந்தது. அடி மடிப்புக்குக் கொஞ்சம் மேலே அறுபத்தோராவது பெயர் பிரேவேல். அதற்கு நேராக மணிக்கணக்கு இல்லை.

எம்.தே.

மில்லிலிருந்து வந்த ராஜாங்கம் வாசலிலேயே முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை வாங்கினார். விரல் வைத்துப் படித்தார். அன்றைக்குப் பட்டியலில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே எம்.தே.தான் என்று மெதுவாகச் சொன்னார். “எல்லாரும் ஏறியிருக்கானுங்க. அவன் மட்டும் என்னா பண்ணுவான்.”

“இருவத்தோரு நாளு ஏறாதவன்” என்று மட்டும் செல்வாம்பாள் சொன்னார்.

அதற்கப்புறம் ராஜாங்கம் பிரேவேலைப் பற்றிக் கேலி பேசவில்லை. செல்வாம்பாள் நான்கு துண்டுகளையும் பலகைக்கு அடியில் வைத்து நேராக்கி, அவற்றுக்குரிய இடத்தில் செருகினார். இருபத்திரண்டு நாளும் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டன. அப்பாவின் முறைப்படி தைத்து அட்டை போட்டு ஒரே புத்தகமாகக் கட்டுவதென்று முன்பு நினைத்திருந்தார். கட்டவில்லை. பத்திரிகை சேர்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் பெட்டியைத் திறக்காமல் இரண்டு வருஷம் ஓடியது.

1984இல் கிருஷ்ணசாமி திரும்பி வந்தார். ஆதிலட்சுமிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. கிருஷ்ணசாமிக்கு அங்கே பேச ஆள் இல்லை. முத்தியால்பேட்டையில் ஒரு பெண்மணி தம் பழைய பத்திரிகைகளை வெட்டாமல் வைத்திருக்கிறார் என்று தணிகாசலம் கடையில் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். திருப்பிக் கேட்பாரோ என்று செல்வாம்பாளுக்கு உள்ளுக்குள் பயம். அவர் கேட்டது பார்ப்பதற்கு மட்டும்தான்.

பெட்டியைத் திறந்தார்கள். தம் கையால் கட்டி வைத்ததைவிடச் சுத்தமாக இருப்பதைப் பார்த்து அவர் தேதிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசியில் இருந்த, மடிப்பும் கத்தரி ஓரமுமான நான்கு துண்டுகளை எடுத்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். செல்வாம்பாள் துத்தத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். பிரேவேல் யார் என்று கிழவருக்கு ஞாபகமே இல்லை.

“கடைசியா வந்தவன எவன்மா ஞாபகம் வச்சிருப்பான்?”

“நாங்க வச்சிருந்தோங்க ஐயா. கடைசி நாளு மோட்டார்ல ஏறிட்டான்.”

“மோட்டாரா?”

செல்வாம்பாள் எம்.தே.யைத் தொட்டுக் காட்டினார். கிருஷ்ணசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். குடை தரையில் விழுகிற அளவுக்குச் சிரிப்பு வந்தது அவருக்கு. சிரித்து முடிக்கும்வரை செல்வாம்பாள் காத்திருந்தார்.

“எம்.தே.ன்னா பிரெஞ்சுல ‘மெம் தாம்’. ‘மெம்’னா அதே, ‘தாம்’னா நேரம். அதே நேரம்னு அர்த்தம். கும்பலா, சக்கரத்தோட சக்கரம் ஒட்டி வந்தா, ஒவ்வொருத்தனுக்கும் தனியா நேரம் போட மாட்டான். மொத ஆளு வந்த நேரந்தான் எல்லாருக்கும்.”

“கும்பல்ல கடைசியா வந்தவனுக்குமா?”

“ஒட்டி வந்துட்டா அவனுக்கும்தான்.”

செல்வாம்பாள் துண்டுத் தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். முதல் பெயர். அதற்கு நேராக மணிக்கணக்கு. பிறகு வரிசையாக எம்.தே., எம்.தே., அறுபத்தொன்றில் பிரேவேல், எம்.தே. இருபத்தொரு நாள் தனியாகப் பின்னால் வந்தவன், இருபத்திரண்டாவது நாள் எல்லோரோடும் ஒட்டி, முதல் ஆள் வந்த அதே நேரத்தில் பாரிசுக்குள் வந்திருக்கிறான்.

அப்புறம்தான் மற்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒன்பது வருஷப் பந்தயத்தில் எத்தனை நூறு எம்.தே. அத்தனை பேரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். “ஐயய்ய, பாவம்” என்றார், தாளைப் பார்த்தே.

ராஜாங்கம் மார்க்கெட்டிலிருந்து வந்தார். சைக்கிளைச் சாத்தினார். கிருஷ்ணசாமியைப் பார்த்து வணக்கம் சொல்லி, பெட்டி திறந்திருப்பதைப் பார்த்து, மனைவியைப் பார்த்தார்.

“ஏங்க, பிரேவேலு வந்துட்டான்” என்றார் செல்வாம்பாள்.

ராஜாங்கம் காய்கறிப் பையைக் கீழே வைக்கவில்லை. “எப்ப?”

“மொதல்ல வந்தவன் வந்தப்பவே.”

அவருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. போலீஸ் லாரியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. கிருஷ்ணசாமி மூன்று கத்தரிக்காயையும் ஒரு முருங்கைக்காயையும் தரையில் ஒட்டி வைத்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். “பாருய்யா, கமுக்கமா வந்திருக்கான்” என்றார், சொந்தக்காரனைச் சொல்வதுபோல.

அடுத்த வாரம் செல்வாம்பாள் பை ஒட்டவில்லை. இருபத்திரண்டு நாளையும் வரிசைப்படுத்தி, நூல் போட்டுத் தைத்து, காலிகோத் துணியில் முதுகு வைத்துக் கட்டினார். கடைசி நாளின் நான்கு துண்டுகளை ஒரு வெற்றுத் தாளில் அவற்றுக்குரிய இடங்களில் ஒட்டினார். இல்லாத பாகம் வெள்ளையாகவே இருக்கிறது. பட்டியலுக்குப் பக்கத்தில் சைக்கிள் குண்டுகள் அழுந்திய கிரீஸ் வட்டங்கள் ஏழெட்டு இருக்கின்றன; அவற்றைத் துடைக்க முயலவில்லை. பசை காய்ச்சும்போது துத்தம் போட்டாயா என்று ராஜாங்கம் இரண்டு தடவை கேட்டார். போட்டிருந்தார்.

கிருஷ்ணசாமி வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற எட்டு வருஷத்துப் பட்டியல்களையும் மூன்று பேரும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்கள். எம்.தே. வருகிற இடத்தில் இப்போது ராஜாங்கம்தான் உரக்கப் படிக்கிறார்: அதே நேரம், அதே நேரம், அதே நேரம்.